இலவசம்தான்

கட்டபெட்டு. தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடி.
இலை வாடும் தொட்டிகள் ஒன்பது,
ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு மின்விசிறி,
இரவு முழுக்க இவற்றுக்கு நான் ஒருத்தி.
இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை
இலையைக் கிளறிவிட வேண்டும்.
நடுவில்
நாற்பது டன் இரும்பாக இருக்கிறேன்.

விளையாட்டு இலவசம். அதில் பொய்யில்லை.
இறக்கிக்கொள்ள இலவசம், சாக இலவசம்,
செத்த இயந்திரம் பழுது நீங்கி எழ
ஆறு மணி நேரம் காத்திருப்பதும் இலவசம்.
காத்திருக்கமாட்டேன் என்பவர்களுக்குத்தான்
எழுபத்தொன்பது ரூபாய்.

போஜராஜ் சொல்வான்:
"எங்க மண்டிக்காரன் மாதிரிதான் இதுவும்.
விதைக்குக் கேட்டா தருவான், உரத்துக்குக் கேட்டா தருவான்,
கேரட் மூட்டை ஏறினப்புறம்தான் தராசு பேசும்."
ஞாயிறுதோறும் விளையாட்டை அழித்துவிடுவான்.
செவ்வாய் இரவு அவன் பெயர் பச்சையாய் எரியும்.
ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை.

ஜெபஸ்டின் ஜேசிபி ஓட்டுகிறவன்.
அவன் குறையே வேறு.
"ஓடுது, குதிக்குது, ஒரு சொட்டு ஆயில் ஒழுகல.
நாற்பது டன் குதிச்சா தரை என்னடா ஆகும்?
குஞ்சப்பனை வளைவுல என் வண்டி
மழையில சும்மா நின்னாலே ரோடு இறங்குது!"
இந்தக் கருத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.
ஆனால் எங்களில் குறி தவறாதவன் அவன்தான்.

நஸ்ரினுக்கு மருந்துக்கடை.
அட்டைப்பெட்டியின் பொடி எழுத்தைப் படிக்கிற கண்.
"கருங்கிடாவோட கவசத்துல பன்னிரண்டு சதவீதம் குறைச்சிருக்கான்.
போன மாசம் நாம வாங்குறப்ப அதுதான் ராஜா.
விக்கிற வரைக்கும் பலம்,
வித்தப்புறம் சமநிலை."

நாம என்றது ஒரு மரியாதைக்கு.
வாங்கியவள் நான்.
தீபாவளி போனஸில் ஆயிரத்து எண்ணூறு,
வீட்டில் ரீசார்ஜ் என்று சொன்னேன்.
கறுப்பு உடம்பு, தோளில் கொம்புபோல் இரண்டு பீரங்கி;
கருங்கிடா நாங்கள் வைத்த பெயர்.
பதினாறு நாள் நான் யாருக்கும் பயப்படவில்லை,
சூப்பர்வைசருக்குக்கூட.
பதினாறு நாளுக்கு அந்தப் பணம்
கூடுதலா குறைவா,
இன்னும் முடிவுக்கு வரவில்லை.

நேற்று மூடுபனி டவரை விழுங்கிவிட்டது.
பிங் நானூற்றுப் பன்னிரண்டு.
பாலத்தின் நடுவில், ஒரு காலைத் தூக்கியபடி
உறைந்து நின்றது என் கருங்கிடா.
எதிரே வந்தது ஒரு பொன்னிற இயந்திரம்.
அந்த நிறத்துக்கு மட்டும் மூவாயிரம்.
வசதியானவன், எவனோ, எந்த ஊரோ.
ஒரு குண்டு போதும்.

சுடவில்லை.
இடுப்பை இடமும் வலமும் ஆட்டினான்.
பேசும் பொத்தானுக்குத் தனிக் காசு என்பதால்
அங்கே வணக்கம் சொல்ல இதுதான் வழி.
அவனிடம் அந்தப் பொத்தானும் இருந்திருக்கும்.
என்னிடம் இல்லையென்று தெரிந்து
ஆட்டியிருக்கிறான்.
என் கால் தரைக்கு வரட்டும் என்று நின்றான்.

மேட்டிலிருந்து ஜெபஸ்டின் அவனைச் சுட்டான்.

"ஏன்டா?"
"நின்னுட்டிருந்தானே."
நஸ்ரின் ஒன்றும் பேசவில்லை.
போஜராஜ் ஞாயிறுக்குக் காத்திராமல்
வியாழக்கிழமையே அழித்துவிட்டான்.
வெற்றிக்கு எங்களுக்கு நூற்றிருபது வெள்ளி,
கூடவே ஒரு பெட்டி. திறக்க
எட்டு மணி நேரம், இல்லையென்றால் நாற்பத்தொன்பது ரூபாய்.

விசிறியை நிறுத்திவிட்டு இலையைக் கிளறினேன்.
அடியில் இன்னும் சூடு.
தோற்றவன் பெயர் திரையில் மூன்று நொடிதான் நிற்கும்:
ஏதோ எழுத்து, ஒரு கோடு, நான்கு எண்.
எடைச்சீட்டின் பின்பக்கம் குறித்து வைத்திருக்கிறேன்.
மூன்றாவது எண் ஏழா ஒன்றா
சரியாகத் தெரியவில்லை.